இழுப்பறை மாற்றம்

தாவோவில் மூன்றாம் நாள் மழை.
இழுப்பறை பாதியில் சிக்குகிறது;
தெல்பினா பாங்கிலான் முழங்காலால் ஓர் இடி இடிக்கிறாள்.
அந்துருண்டை நெடியோடு வெளியே வருகிறது
மல்லாந்த கழுகு,
ஒரு மீட்டர் நீளம், கண்ணிருந்த இடத்தில் பஞ்சு.
சேர்த்துக் கட்டிய கால்களில் தொங்கும் சீட்டில்
எவரோ சாய்த்தெழுதிய பழுப்பு மசி.

அதன் தோளோடு தோள் உரசி
அமேசான் காட்டின் ஹார்ப்பி.
இரண்டுக்கும் கணுக்கால்
படம் வரைய வந்த என் மணிக்கட்டுப் பருமன்.
இரண்டுக்கும் சிலிர்க்கும் கொண்டை,
கிளையிலிருந்து குரங்கைப்
பழம் போலப் பறிக்கும் நகம்.
எண்பது வருடம் ஒரே இழுப்பறை.
உடன்பிறப்பு இல்லையென்று
யார் சந்தேகப்பட்டார்கள்?

அப்புறம் இரத்தம் வந்து சாட்சி சொன்னது.

அரக்கான் மலையில் சுடப்பட்ட ஒன்றை
அரிசிச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்து,
மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில்
ஆறு மணி நேரம் கொண்டுவந்தான் காவலன் லுமயான்.
ரவையை எடுத்த கையோடு
இறக்கை நாளத்தில் ஒரு துளி எடுத்துக்கொண்டாள் தெல்பினா.
நாலே எழுத்தில் எழுதிய நூல் அது.
முகத்தைப் பார்த்து ஏமாறத் தெரியாது அதற்கு.
யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் சொல்லும்.

சொன்னது:
பாம்புண்ணிக் கழுகுகளின் கிளை.
மின்கம்பத்தில் குந்தி
மஞ்சள் கண்ணால் வயலை வெறிக்கும்
அந்தச் சின்னப் பறவைகளின் பழைய பங்காளி,
எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு
தனிக்குடித்தனம் போனது.
ஹார்ப்பியோ
கல்யாணப் பத்திரிகையில் பெயர் வராத தூரத்து உறவு.

காடுதான் பொய் சொல்லியிருக்கிறது.
ஒரு கடலின் இரண்டு கரையிலும்
அதே உயர மரம், அதே குரங்குக் கூச்சல், அதே பசி;
ஒரே அளவெடுத்து
அந்நியர் இருவருக்குத் தைத்துக் கொடுத்த சட்டை.

மூன்று மாதமாக வரைந்த குலமரத்தில்
ஒரு கிளையை ரப்பரால் அழிக்கிறேன்.
காகிதம் தேய்கிறது, கோடு போகமாட்டேன் என்கிறது.

கழுகு என்பது குலம் இல்லை போலும். உத்தியோகம்.
கடற்கழுகை விசாரித்தால்
பருந்து வீட்டைக் கைகாட்டுகிறது.
பாம்புண்ணிக்கு அடுத்த வாசல்
கழுத்து மொட்டையான பிணந்தின்னி.
கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல என்று
என் மொழி சொல்வது இந்தப் பிணந்தின்னியைத்தான்.
இரண்டுக்கும் ஒரே பெயரா, என்ன சோம்பல்,
திருத்த வேண்டும் என்று
குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.
அதையும் அடித்துவிட்டேன்.

லுமயானிடம் எல்லாம் சொன்னோம்.
சாக்கை உதறி மடித்தபடியே கேட்டான்:
“சரி. இறக்கை கூடினால் எந்த மலையில் விடுவது?
சுட்டவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.”
அந்த நாலெழுத்தில்
அதற்குப் பதில் இல்லை.

தெல்பினா பழைய சீட்டைக் கிழிக்கவில்லை;
புதியதை அதே நூலில் முடிந்தாள்.
குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்குவது போல
இரண்டு கையாலும் ஏந்தி
பாம்புண்ணிகளின் இழுப்பறைக்குக் கொண்டுபோனாள்.
ஹார்ப்பிக்குப் பக்கத்தில்
தூசி படியாத ஒரு கழுகு வடிவம் மிஞ்சியது.

இங்கே எல்லாம் முழங்கை நீளத்துக்காரர்கள்.
குறுக்கே வைத்துப் பார்த்தாள்.
சின்னதுகளை ஓரமாக நெருக்கிப் பார்த்தாள்.
வால் வெளியே நிற்கிறது,
இழுப்பறை மூட மறுக்கிறது.

அப்படியே விட்டுவிட்டுச்
சாப்பிடப் போனோம்.